தானே ஓடும் சக்கரமும் மாடியறைக் கிழவரும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த சங்க வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தானே ஓடும் யந்திரம். கரண்டு வேண்டாம், டீசல் வேண்டாம், மாடு வேண்டாம், ஆளும் வேண்டாம். ஒரு தடவை தட்டிவிட்டால் போதும், நிற்காமல் ஓடும். ஓடுவதோடு நில்லாமல் நமக்கு வேலையும் செய்து கொடுக்கும். இப்படிச் சொல்லிக்கொண்டு ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக யந்திரங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இன்றும் வைக்கிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் ஒரு மோட்டார் ஒரு டைனமோவைச் சுற்றுகிறது, அந்த டைனமோ அதே மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கிறது, நடுவில் ஒரு பல்பு ஜெகஜோதியாக எரிகிறது!

இதற்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிட வேண்டுமா என்று சில தோழர்கள் நினைக்கலாம். கட்டாயம் செலவிட வேண்டும். ஏனென்றால் இந்த யந்திரம் தனியாக வருவதில்லை. முதலில் யந்திரம் வரும். பிறகு கூட்டம் வரும். கூட்டம் வாயைப் பிளந்து நிற்கும்போது ரசீதுப் புத்தகம் வெளியே வரும். "பங்கு சேருங்கள், ஏஜென்சி எடுங்கள், முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். முப்பது வருஷம் மில்லில் உழைத்துப் பெற்ற கிராஜுவிட்டிப் பணமும், அறுவடைக் கூலியில் மிச்சம் பிடித்துச் சீட்டுக் கட்டிய பணமும், மனைவியின் காதில் கிடக்கும் தோடும் அந்த ரசீதுப் புத்தகத்துக்குள் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ஆசை பழைய ஆசை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இந்த ஆசை கேலிக்குரிய ஆசை அன்று. தலையில் சுமை தூக்கியவனுக்குத்தான் சுமையில்லாத உலகம் கனவில் வரும். கிணற்றில் நீர் இறைத்துக் கை காய்த்தவன், நீர் தானாக மேலே வந்தால் என்ன என்று நினைப்பது நியாயம்தான். பெரிய அறிவாளிகளும் இப்படி நினைத்தார்கள். நம் தேசத்துக் கணித மேதை பாஸ்கரர், 1150-ம் ஆண்டு வாக்கில் எழுதிய சித்தாந்த சிரோமணியில், ஆரங்களுக்குள் பாதரசம் ஊற்றிய ஒரு சக்கரம் தானே சுழலும் என்று எழுதினார். இங்கிலாந்தில் ராபர்ட் பிளட் என்ற வைத்தியர் 1618-ல் ஒரு யந்திரத்தை விவரித்தார். தண்ணீர் விழுந்து சக்கரத்தைச் சுற்றும்; அந்தச் சக்கரமே மாவும் அரைக்கும், கீழே விழுந்த தண்ணீரை மறுபடி மேலேயும் ஏற்றிவிடும்! கைப்பேசியில் பார்க்கும் மோட்டாரும் டைனமோவும் இந்தப் பழைய யந்திரத்தின் பேரப்பிள்ளைதான்.

இவற்றுள் மிகப் பிரசித்தமானது எடை கட்டிய சக்கரம். சக்கரத்தின் ஓரத்தில் மடங்கி நீளும் கைகள்; ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு குண்டு. இறங்கும் பக்கத்தில் கைகள் நீண்டு குண்டுகள் வெளியே தள்ளி நிற்கும். ஏறும் பக்கத்தில் கைகள் மடங்கிக் குண்டுகள் உள்ளே ஒடுங்கிவிடும். தள்ளி நிற்கும் குண்டுக்கு இழுப்பு அதிகம். ஆகவே இறங்கும் பக்கமே எப்போதும் ஜெயிக்கும், சக்கரம் ஓயாமல் சுழலும் என்பது வாதம்.

காகிதத்தில் பார்த்தால் வாதம் சரி போலத்தான் இருக்கும். ஆனால் குண்டுகளை எண்ணிப் பாருங்கள். வெளியே தள்ளி நிற்கும் குண்டுகள் எப்போதும் குறைவு. உள்ளே ஒடுங்கிய குண்டுகள் எப்போதும் அதிகம். சந்தையில் வெள்ளிக்கோல் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கயிற்றுக்குக் கிட்டே உள்ள பெரிய கனத்தைத் தூரத்தில் உள்ள சிறிய கனம் சமன் செய்துவிடும். சக்கரமும் அப்படித்தான் இரண்டு ஆட்டம் ஆடிச் சமனாகி நின்றுவிடும்.

ஏற்றம் இறைத்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். துலாவின் பின்பக்கம் கல் கட்டுகிறோம். நீர் நிறைந்த சால் மேலே வரும்போது அந்தக் கல் நமக்கு உதவி செய்கிறது. ஆனால் காலிச் சாலைக் கிணற்றுக்குள் இறக்கும்போது அந்தக் கல்லை மேலே தூக்குவது யார்? நாம்தான். கல் நமக்குச் சும்மா ஒன்றும் கொடுக்கவில்லை. இறக்கும்போது நம்மிடம் வாங்கியதை ஏற்றும்போது திருப்பித் தருகிறது. கல்லுக்கு வேலை கொடுத்துவிட்டு வரப்பில் போய்ப் படுத்தவர் யாரும் இல்லை.

உழைப்பின் கணக்கு

இதற்கு விஞ்ஞானம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1840-களில் மாயர், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இரு ஜெர்மானியரும், ஜூல் என்ற ஆங்கிலேயரும் தனித்தனியே இந்தக் கணக்குக்கு வந்து சேர்ந்தார்கள். ஜூல் மான்செஸ்டர் பக்கத்தில் பீர் காய்ச்சும் ஆலை வைத்திருந்த குடும்பத்தவர். அவர் ஒரு பாத்திரத்துத் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரம் வைத்து, எடைகளைக் கீழே இறங்கவிட்டு அதைச் சுற்றினார். சுற்றச் சுற்றத் தண்ணீர் சூடேறியது. எவ்வளவு எடை எவ்வளவு தூரம் இறங்கினால் எவ்வளவு சூடு என்று அளந்தார். இன்றைய அளவையில் சொன்னால், ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் சக்தியும், 427 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் சக்தியும் ஒன்றே.

இதற்கு அர்த்தம் என்ன? சக்தி புதிதாகப் பிறப்பதும் இல்லை. இல்லாமல் போவதும் இல்லை. ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் போகிறது. வேலை சூடாகிறது, சூடு வேலையாகிறது. போகிற வழியில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடாகச் சிந்திப்போகிறது. மில் தோழர்கள் இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. ஓடும் யந்திரத்தின் பேரிங் மூடியில் கை வைத்துப் பார்த்தவர்கள் நீங்கள். ரிங் பிரேம்கள் ஓடும் கூடத்தின் வெக்கையில் எட்டு மணி நேரம் நின்றவர்கள் நீங்கள். அந்த வெக்கையில் ஒரு பெரும்பங்கு, மோட்டாரிலும் பேரிங்கிலும் ஸ்பிண்டிலிலும் சிந்திப்போன கரண்டுதான். மோட்டார் டைனமோவைச் சுற்றி, டைனமோ மோட்டாரைச் சுற்றுவதென்றால், ஒவ்வொரு சுற்றிலும் இந்தச் சூடு நஷ்டமாகும். நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது? பல்பு எரிய மிச்சம் எங்கே?

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். உடற்கட்டுள்ள ஓர் ஆள் மணிக்கணக்கில் விடாமல் கைப்பிடி சுற்றினால் சுமார் 75 வாட் சக்தி தரலாம். ஒரு பழைய குண்டு பல்புக்குத்தான் அது காணும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அந்த ஆள் 13 மணி நேரத்துக்கு மேல் சுற்ற வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு ஷிப்டு! "என் யந்திரம் சும்மா கரண்டு தருகிறது" என்று ஒருவன் சொல்லும்போது, இத்தனை ஆள்களின் உழைப்பு ஆகாயத்திலிருந்து குதிக்கிறது என்று அவன் சொல்கிறான்.

பிலடெல்பியாவில் பல் தேய்ந்த பக்கம்

இனி, காட்சிகளுக்கு வருவோம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1812-ல் சார்லஸ் ரெட்ஹெபர் என்பவர் ஒரு யந்திரத்தைக் காட்சிக்கு வைத்தார். செங்குத்தான அச்சில் சுழலும் பெரிய பல்சக்கரம். அதன்மேல் சரிவுப் பலகைகள். பலகைகளின்மேல் எடை ஏற்றிய சிறு வண்டிகள். வண்டிகளின் கனமே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்றார். காசு வாங்கிக்கொண்டு காட்டினார். ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். இன்னும் பெரிய யந்திரம் கட்ட அரசாங்கப் பணமும் வேண்டும் என்று அவர் மனுப் போட்டார். அங்கேதான் வினை பிடித்தது. அரசாங்கம் பணம் கொடுக்குமுன் பார்வையிடச் சிலரை அனுப்பியது.

1813 ஜனவரியில் அவர்கள் வந்தபோது அறை பூட்டிக் கிடந்தது. கம்பி போட்ட ஜன்னல் வழியாகத்தான் பார்க்கலாம் என்றார்கள். கிட்டே போனால் யந்திரம் கெட்டுவிடுமாம்! வந்தவர்களில் ஒருவர் நேதன் செல்லர்ஸ். அவரோடு அவருடைய மகன் கோல்மனும் வந்திருந்தார். மற்றவர்கள் சக்கரம் சுழலும் அழகைப் பார்த்தார்கள். கோல்மன் பல்சக்கரத்தின் பற்களைப் பார்த்தார்.

ரெட்ஹெபர் சொன்னது இதுதான்: தானே ஓடும் சக்கரம் பக்கத்திலிருக்கும் இன்னொரு சக்கரத்தை ஓட்டுகிறது. அப்படியானால் ஓட்டும் சக்கரத்தின் பல் ஒரு முகத்தில் தேய வேண்டும். ஓட்டப்படும் சக்கரத்தின் பல் மறுமுகத்தில் தேய வேண்டும். ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே கோல்மன் கண்டார்: தேய்வு நேர்மாறான முகத்தில் இருந்தது! எதை ஓட்டுவதாகச் சொன்னார்களோ, அதுதான் "தானே ஓடும்" யந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது.

கவனியுங்கள் தோழர்களே. காட்சி நடத்தியவர் பேசினார், பத்திரிகைகள் எழுதின, கனவான்கள் பந்தயம் கட்டினார்கள். உண்மையைச் சொன்னது பல்லின் தேய்வு. யந்திரத்தோடு பழகிய கண்ணுக்குத்தான் அது தெரிந்தது. நம் மில்லில் உள்ள எந்த பிட்டரும் அந்த ஜன்னலில் நின்றிருந்தால் அதையே கண்டிருப்பார்.

செல்லர்ஸ் அங்கே சண்டை போடவில்லை. ஐசையா லூக்கன்ஸ் என்ற யந்திரத் தொழிலாளியிடம் போனார். அதே மாதிரி ஒரு யந்திரம் செய்து கொடு, ஆனால் ஓட்டும் விசையை எவர் கண்ணுக்கும் தெரியாமல் ஒளித்து வை என்றார். லூக்கன்ஸ் கைதேர்ந்தவர். கடிகார விசையை உள்ளே வைத்து, அதற்குச் சாவி கொடுக்கும் இடத்தையும் அலங்காரக் குமிழுக்குள் மறைத்துவிட்டார். இந்தப் போலியை ரெட்ஹெபருக்கே காட்டினார்கள். மனிதர் மலைத்துப் போனார்! இது எப்படி ஓடுகிறது என்று சொன்னால் பணம் தருகிறேன் என்று இரகசியமாகப் பேரம் பேசியதாகச் சொல்கிறார்கள். தம்முடையது உண்மையாக இருந்தால் மற்றவரிடம் ஏன் கேட்க வேண்டும்? லூக்கன்ஸ் செய்த அந்த யந்திரம் பிலடெல்பியாவில் பிராங்க்ளின் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நியூயார்க்கில் மாடியறை

பிலடெல்பியாவில் குட்டு உடைந்தாலும் நியூயார்க்கில் அந்தச் சேதி அதிகம் பரவவில்லை. 1813-ல் ரெட்ஹெபர் அங்கே போய்க் கடை விரித்தார். மறுபடி கூட்டம், மறுபடி கட்டணம். ஒரு நாள் பார்க்க வந்தவர்களில் ராபர்ட் புல்டனும் ஒருவர்.

புல்டன் யார்? நீராவிப் படகை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்ஜினியர். 1807-ல் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி நகர் வரை 150 மைல் தூரத்தை 32 மணி நேரத்தில் ஆற்றை எதிர்த்துக் கடந்தது அவருடைய படகு. அவர் உள்ளே நுழைந்ததும் யந்திரத்தைப் பார்க்கவில்லை; காது கொடுத்துக் கேட்டார். சக்கரம் ஒரே சீராக ஓடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் வேகம், ஓரிடத்தில் தளர்ச்சி. கைப்பிடி சுற்றினவர்களுக்கு இந்தத் தாளம் தெரியும். கை கீழே தள்ளும்போது ஒரு வேகம், மேலே இழுக்கும்போது ஒரு வேகம். "இது கைப்பிடியால் சுற்றுவது" என்று புல்டன் அங்கேயே சொல்லிவிட்டார்.

ரெட்ஹெபர் கொதித்தார். புல்டன் அசரவில்லை. தவறென்று தெரிந்தால் நஷ்டத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, யந்திரத்தின் சட்டத்தைச் சுவரோடு இணைத்திருந்த மெல்லிய மரச்சட்டங்களைப் பெயர்த்தார். அசையாமல் தாங்கிப் பிடிப்பதற்கென்று வைத்திருந்த சட்டங்களாம் அவை! உள்ளே நரம்புக் கயிறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது சுவருக்குள் நுழைந்து மேலே போனது. கயிற்றைப் பின்தொடர்ந்து போனார்கள். மாடியில் பின்புறத்து அறை ஒன்று. அங்கே நீண்ட தாடியோடு ஒரு கிழவர். ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மறு கையில் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு, அதைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கீழே இருந்த கூட்டம் ஆத்திரத்தில் யந்திரத்தை உடைத்து நொறுக்கியது. ரெட்ஹெபர் ஓடிப் போனார்.

தோழர்களே! இந்தக் கதையில் எல்லாருடைய பெயரும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஏமாற்றியவர் பெயர் இருக்கிறது. கண்டுபிடித்தவர் பெயர் இருக்கிறது. நாள் முழுவதும் அந்தச் சக்கரத்தைச் சுற்றியவரின் பெயரைக் காணோம். கீழே சீமான்கள் "உழைப்பே இல்லாமல் ஓடுகிறது" என்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே ஒருவர் உழைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்தது ரொட்டித் துண்டு. வசூல் கீழே இருந்தவருக்கு. உழைப்பில்லாமல் வந்த லாபம் என்று எவராவது மார்தட்டினால், மாடியறையில் இருப்பது யார் என்று கேட்க நாம் பழகியிருக்கிறோம். யந்திரத்தைப் பற்றியும் அதே கேள்விதான் கேட்க வேண்டும்.

பூட்டி முத்திரையிட்ட அறை

"கொஞ்ச நேரம் காட்டுவதில் ஏமாற்றலாம், நாள் கணக்கில் ஓடினால்?" என்று கேட்கலாம். அப்படியும் ஒரு காட்சி நடந்திருக்கிறது. ஜெர்மனியில் பெஸ்லர் என்பவர், ஆர்பிரியஸ் என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, 1712 முதல் ஒன்றன்பின் ஒன்றாகச் சக்கரங்கள் செய்து காட்டினார். ஹெஸ்ஸ-காசல் சமஸ்தானத்து அரசர் கார்ல் அவரை ஆதரித்தார். 1717 நவம்பர் 12-ல் அரசரின் மாளிகையில் ஓர் அறைக்குள் 12 அடி விட்டமுள்ள சக்கரத்தைச் சுழலவிட்டு, அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி முத்திரையிட்டு 1718 ஜனவரி 4-ல் திறந்தார்கள், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது!

ஐரோப்பா முழுவதும் பேச்சாயிற்று. ஆனால் சக்கரம் துணியால் மூடப்பட்டிருந்தது. உள்ளே பார்க்க அனுமதி பெற்றவர் அரசர் ஒருவரே. அவரும் இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் உள்ளே பார்க்க வேண்டுமானால் முதலில் பெரும் தொகையைக் கட்ட வேண்டும். 1721-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி கிராவசாண்டே வந்து சக்கரத்தின் அச்சை வெளியிலிருந்து சோதித்தார். ஏமாற்று எதுவும் அவர் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் சோதித்ததற்கே கோபப்பட்டுத் தம் சக்கரத்தைத் தம் கையாலேயே உடைத்துப் போட்டார் பெஸ்லர்.

பிறகு 1727-ல் அவர் வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி வாய் திறந்தாள். பக்கத்து அறையிலிருந்து சக்கரத்தைக் கையால் சுற்றியவர்களில் தானும் ஒருத்தி, வெளியே சொல்லக் கூடாதென்று தன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள் என்றாள். "வேலைக்காரி பேச்சை நம்பலாமா?" என்றார் கிராவசாண்டே. அந்தப் பெண் சொன்னது முழுவதும் உண்மையா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. ஆனால் ஒன்றில் வாதம் இல்லை. பெஸ்லர் 1745-ல் இறந்தார். அந்தச் சக்கரத்தைப் பிறகு எவரும் மறுபடி ஓட்டிக் காட்டவில்லை. முத்திரை வைத்த கதவைக் காட்டினார்கள். சக்கரத்தின் உள்ளைக் காட்டவில்லை. 54 நாள் பூட்டி வைத்ததைவிட, அரை மணி நேரம் துணியை நீக்கியிருந்தால் உலகத்துக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

பங்குப் பத்திரம் ஓடிய ஓட்டம்

காலம் மாறியது. காட்சிக் கட்டணம் போய்ப் பங்குப் பத்திரம் வந்தது. மீண்டும் பிலடெல்பியா. 1870-களில் ஜான் கீலி என்பவர் தண்ணீரிலிருந்தும் "ஈத"ரிலிருந்தும் புதிய சக்தி எடுப்பதாகச் சொன்னார். கொஞ்சம் தண்ணீரை ஊற்றுவார். அழுத்தம் காட்டும் கருவியின் முள் எங்கேயோ ஏறி நிற்கும். கனமான யந்திரங்கள் அசையும். நியூயார்க் பணக்காரர்கள் கம்பெனி ஆரம்பித்தார்கள். பங்குகள் விற்றன. யந்திரம் சந்தைக்கு வரும் நாள் மட்டும் வரவில்லை. "இன்னும் ஒரு சிறு திருத்தம், இன்னும் ஒரு சோதனை" என்று கால் நூற்றாண்டு ஓட்டினார். 1898-ல் அவர் இறந்தார். பிறகு அவருடைய சோதனைக் கூடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். நிலத்தடியில் சுமார் மூன்று டன் எடையுள்ள எஃகுக் கோளம். சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் குழாய்கள். அழுத்திய காற்றே அந்தப் புதிய சக்தி என்று பரிசோதித்தவர்கள் முடிவு கட்டினார்கள்.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2006 ஆகஸ்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து ஸ்டியோர்ன் என்ற கம்பெனி, லண்டன் "எகனாமிஸ்ட்" பத்திரிகையில் பெரிய விளம்பரம் கொடுத்தது. காந்தங்களைக் கொண்டு இலவச சக்தி எடுத்துவிட்டோம், விஞ்ஞானிகள் வந்து பரிசோதிக்கட்டும் என்றது. 2007 ஜூலையில் லண்டனில் பகிரங்கக் காட்சி என்று நாள் குறித்தார்கள். காட்சி நடக்கவில்லை, விளக்குகளின் சூட்டால் கருவி கெட்டுவிட்டதாம். 2009 ஜூனில், அந்தக் கம்பெனியே தேர்ந்தெடுத்த விஞ்ஞானிகள் குழு, சக்தி உற்பத்தியானதாகக் காட்டப்படவில்லை என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் டப்ளினில் மறுபடி காட்சி வைத்தார்கள். கருவியில் ஒரு பாட்டரி இருந்தது! செலவாவதைவிட அதிகம் உற்பத்தியாகிறது என்றார்கள். 2016-ல் கம்பெனி மூடப்பட்டது. பங்கு போட்டவர்களின் பல கோடிப் பணம் திரும்பவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. சக்கரம் இல்லை, ஆனால் சும்மா சக்தி, பகிரங்கக் காட்சி என்ற இரண்டும் இருந்தன. 1996-ல் தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்க வைத்தால் பெட்ரோல் வரும் என்று செய்து காட்டினார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன, பெரிய மனிதர்கள் வாழ்த்தினார்கள். 2016-ல் சென்னை நீதிமன்றம் அது மோசடி என்று தீர்ப்பளித்து, சம்பந்தப்பட்டவர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

"புதிய கண்டுபிடிப்பு எல்லாவற்றையும் முதலில் கேலி செய்யத்தானே செய்தார்கள்? இதுவும் அப்படி இருக்கக் கூடாதா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். நல்ல கேள்வி. புல்டன் படகையே எடுத்துக்கொள்வோம். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் புல்டன் அறையைப் பூட்டவில்லை. கட்டணம் கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு போய் ஆல்பனியில் இறக்கினார். கொதிகலனில் விறகு எரிவதைக் கரையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ரைட் சகோதரர்களை நம்பாத பிரெஞ்சுக்காரர்கள் முன்னால், 1908-ல் லெ மான் நகரில் வில்பர் ரைட் பல தடவை வானத்தில் பறந்து காட்டினார். உண்மையான யந்திரம் தன் தீனியை மறைப்பதில்லை. தன்னை யாரும் தொடக் கூடாதென்று சொல்வதும் இல்லை.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் பழமொழி. காட்சி என்பது கண்ணால் காண்பதோடு நம்மை நிறுத்திவிடும் தந்திரம். அடுத்த தடவை ஒருவர் இந்த மாதிரி யந்திரத்தோடு வந்தால் நாம் விசாரிக்க வேண்டியவை இவை:

ஒன்று: யந்திரத்தை உங்கள் மேடையிலிருந்து எடுத்து எங்கள் களத்துமேட்டில், வெறுந்தரையில் வைத்து ஓட்டுவீர்களா?

இரண்டு: எல்லா மூடியையும் கழற்றிக் காட்டுவீர்களா? எங்கள் பிட்டரும் எலெக்ட்ரீஷியனும் தொட்டுப் பார்க்கலாமா?

மூன்று: சும்மா சுற்றினால் போதாது. நெல் அரைக்கட்டும், நீர் இறைக்கட்டும். இரவும் பகலும் எங்கள் ஆள் காவலில் வேலை செய்யுமா? நன்றாக எண்ணெயிட்ட சக்கரம் வேலையில்லாமல் நெடுநேரம் சுற்றும். அது அதிசயம் அன்று.

நான்கு: போகிற சக்தி எவ்வளவு, வருகிற சக்தி எவ்வளவு என்று எங்கள் மீட்டரால் அளக்க விடுவீர்களா?

ஐந்து: சும்மா சக்தி தரும் யந்திரம் உங்களிடம் இருக்கிறதே, அந்தக் கரண்டை விற்றாலே உங்களுக்குப் பணம் கொட்டுமே, எங்கள் கிராஜுவிட்டிப் பணம் உங்களுக்கு எதற்கு?

இந்த ஐந்தில் ஒன்றுக்காவது "இப்போது முடியாது" என்று பதில் வந்தால், காசை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போங்கள்.

நம்மிலே ஒருவர்

கடைசியாக ஒரு வார்த்தை. எல்லாரும் மோசடிக்காரர்கள் அல்ல. நம் ஊரிலேயே, நம் மில்லிலேயே, கைத்திறமையும் மூளையும் உள்ள ஒரு தோழர், தானே ஓடும் சக்கரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று மெய்யாகவே நம்பி, சம்பளத்தையெல்லாம் இரும்புக்கடையில் கொட்டிக்கொண்டிருக்கலாம். 1775-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம், இனிமேல் தானே ஓடும் யந்திரங்களைப் பரிசீலிக்கமாட்டோம் என்று தீர்மானம் செய்தது. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நம் நெஞ்சைத் தொடுகிறது. இந்த ஆராய்ச்சியால் குடும்பங்கள் நாசமாயின. பெரிய சேவை செய்திருக்கக்கூடிய யந்திரக் கலைஞர்கள் தங்கள் பொருளையும் காலத்தையும் திறமையையும் இதில் கரைத்துவிட்டார்கள் என்றார்கள்.

அப்படிப்பட்ட தோழரைக் கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றத்தின் கல்லைப் பற்றிப் பேசுங்கள். அவருடைய திறமைக்கு நல்ல வேலை காத்திருக்கிறது என்று காட்டுங்கள். நியூசிலாந்தில் டுனெடின் நகரப் பல்கலைக் கழகத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஆர்தர் பெவர்லி என்பவர் 1864-ல் செய்தது. அதற்குச் சாவி கொடுப்பதே இல்லை. மாயம் ஒன்றும் கிடையாது. பகலில் சூடும் இரவில் குளிரும் மாறும்போது ஒரு பெட்டிக்குள் காற்று விரிந்து சுருங்குகிறது. அது ஒரு சிறு எடையைத் தூக்கிவிடுகிறது. எடை இறங்கிக் கடிகாரத்தை ஓட்டுகிறது. சூடு குளிர் மாற்றம் போதாத நாள்களில் கடிகாரம் நின்றுபோனதும் உண்டு. அவர் சக்தியை எங்கிருந்து எடுக்கிறோம் என்று தேடினார், கண்டுபிடித்தார், ஒளிக்காமல் சொன்னார். பாபநாசத்தில் அருவி நீர் மின்சாரம் தருகிறது. அந்த நீரை மலைமேல் ஏற்றியது சூரியன். ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றுகிறது; காற்றை வீச வைத்ததும் சூரியன். வயலில் சோலார் பம்ப்செட் ஓடுகிறது. கூலி கொடுப்பது அதே சூரியன். எந்த யந்திரமும் யாரிடமிருந்தோ, எதிலிருந்தோ வாங்கித்தான் கொடுக்கிறது.

ஆகவே, எந்தக் காட்சிக்குப் போனாலும் சுற்றும் சக்கரத்தோடு பார்வையை நிறுத்திவிடாதீர்கள். சுவரைப் பாருங்கள், மேஜைக் காலைப் பாருங்கள், பல் தேய்ந்த பக்கத்தைப் பாருங்கள். கயிறு மாடிக்குப் போகிறதா என்று பாருங்கள். பார்த்ததை வீட்டில் உள்ளவர்களுக்கும், பக்கத்து மில் தோழர்களுக்கும், பக்கத்துக் கிராமத்துக்கும் சொல்லுங்கள். பிலடெல்பியாவின் சேதி நியூயார்க்குக்குச் சரியாகப் போய்ச் சேராததால்தான் அங்கே இரண்டாம் தடவை கடை விரிக்க முடிந்தது. நம் ஊர்ச் சேதி அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். அது நம் வேலை.